பொருள்: நானோ துகளின் ‘கொரோனா’வுக்குத் தமிழ்ச்சொல், அவசரம்

ஓசூர்:
பிளஸ் டூ பிள்ளைகளுக்கான கையேடு திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது. நானோ துகள் (நானோமீட்டரில், அதாவது மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கில் அளக்கும் நுண்துகள்) இரத்தத்தில் இறங்கியதுமே புரதங்கள் வந்து அப்பிக்கொள்கின்றன. சுமார் 5 நானோமீட்டர் தடிமனுள்ள செல்சவ்வு முதலில் தொடுவது துகளை அல்ல, இந்த அப்பலைத்தான். துகள் உள்ளே போகுமா, வெளியே நிற்குமா என்பது பெரும்பாலும் இதைப் பொறுத்தது. இந்த அப்பலுக்கு 2007 வாக்கில் வந்த பெயர் ‘புரோட்டீன் கொரோனா’. அப்படியே போட்டால் பிள்ளைகள் மாஸ்க்கைத் தேடுவார்கள்.

தருமபுரி:
இதிலென்ன குழப்பம்? கொரோனா என்றால் முடி. மகுடம் வடசொல், வேண்டாம். புரதமுடி.

பாலக்கோடு:
ஐயா, தலைமுடியே கெரட்டின் என்கிற புரதம்தான். ‘துகளுக்குப் புரதமுடி உண்டு’ என்று எழுதுகிற பையனுக்கு மார்க் போடுவீர்களா?

தருமபுரி:
சரி, ‘சூட்டு’. நம் தகடூர் அதியமான் போந்தைத் தோட்டை (பனையோலையை) வெட்சியோடும் வேங்கையோடும் சூடியதைப் புறநானூறு 100 சொல்கிறது. நெற்றி மாலையும் சூட்டு, கோழிக்கொண்டையும் சூட்டு, வண்டிச் சக்கரத்தின் வட்டையும் (விளிம்பு வளையமும்) சூட்டு. சுற்றி அமைவது என்ற பொருள் தெளிவாக இருக்கிறதே.

பாலக்கோடு:
‘புரதச்சூட்டில் துகள் வெந்தது’ என்று படிப்பார்கள் சார்.

கிருஷ்ணகிரி:
புரதக்கவசம்?

ஓசூர்:
கவசம் காக்கும். இது சில நேரம் துகளைக் காட்டிக்கொடுக்கிறது, உடலின் காவலாக வந்து அந்நியத்தை விழுங்கும் செல்கள் அடையாளம் கண்டு பிடித்துவிடும்.

பாலக்கோடு:
புரதப்போர்வை என்று முடித்துவிடலாம். கெட்டியாக ஒட்டிய உள்ளடுக்கு இறுகுபோர்வை, வந்து வந்து மாறும் வெளியடுக்கு இளகுபோர்வை.

கிருஷ்ணகிரி:
ஆற்றில் இறங்கும் துகளுக்கு? தென்பெண்ணையில் புரதம் மட்டுமா இருக்கிறது, மட்கிய இலைதழையின் கரிமப்பொருளும் ஒட்டும். அதே ஆற்றின் கெலவரப்பள்ளி அணையில் பொங்கும் சலவை நுரையையும் சேருங்கள்.

ஓசூர்:
நுரை வேறு கதை. சலவைப் பொருள் போர்த்துவதில்லை, சவ்வின் கொழுப்படுக்குக்குள் நுழைகிறது, மிகுந்தால் சவ்வையே கரைக்கிறது. அதற்குத் தனி அத்தியாயம் இருக்கிறது. ஆற்றுத் துகளுக்கு வெறும் ‘போர்வை’ போதும். மூன்று பேர் ஒத்துக்கொண்டாயிற்று, அச்சகத்துக்கு அனுப்புகிறேன்.

தருமபுரி:
அனுப்புங்கள். என் மறுப்பையும் குறித்துக்கொள்ளுங்கள். போர்வையை உதறிப் போட்டுவிடலாம், உள்ளடுக்கு லேசில் உதறாது. சூட்டும் கழன்றுவிடுமே என்பவர்கள், காய்ச்சிய இரும்புப் பட்டாவை மாட்டுவண்டிச் சக்கரத்தில் ஏற்றுவதையும் ஆறியதும் அது இறுகிப் பிடிப்பதையும் ஒருமுறை பார்த்துவிட்டு எழுதவும். கூரை வேய்வதற்கும் பூச் சூடுவதற்கும் பொதுவான ‘வேய்தல்’ என்ற இன்னொரு சொல் பற்றி நாளை விரிவாக.