நடு பெஞ்சுக்காரன்

ஒன்பதாம் வகுப்புக்கு நான் கிளாஸ் டீச்சராக இருந்த வருடம். எட்டாவது வரை இருக்கிற இடமே தெரியாத ஒரு பையன் கபடி டீமில் சேர்ந்தான். அதன்பின் அவனைச் சுற்றி எப்போதும் நாலு பேர். கூடவே வம்பும் வந்தது. பீரியடுக்கு மட்டம் போட்டான், ஆறாம் வகுப்புச் சிறுவனின் டிபன் பாக்ஸைப் பிடுங்கினான். 'பேர் வந்ததும் கொழுப்பு ஏறிடுச்சு' என்று ஸ்டாஃப் ரூமில் தீர்ப்பே சொல்லிவிட்டோம். நானும்தான்.

ஒருநாள் கட்டுரை நோட்டு திருத்தும்போது அவன் நோட்டின் கடைசிப் பக்கம் கண்ணில் பட்டது. அவன் பல்லைக் கிண்டல் செய்யும் பட்டப்பெயர், பக்கம் முழுக்க, நாலு விதக் கையெழுத்தில். ஒவ்வொன்றையும் அவன் பேனாவால் அடித்து அடித்து, தாளே கிழிந்திருந்தது. வருடம் முழுக்கத் திருத்துகிறேன், கையெழுத்து தெரியாதா? கூடவே சுற்றும் அதே நாலு பேர்தான். டிபன் பாக்ஸும் அவர்கள் விட்ட சவால். கூப்பிட்டுக் கேட்டேன். "விடுங்க மிஸ், சொன்னா அப்புறம் கூட்டுச் சேர்க்க மாட்டாங்க" என்றான்.

பிறகுதான் தேடிப் படித்தேன். ராபர்ட் ஃபாரிஸ், டயான் ஃபெல்ம்லீ என்ற இரு சமூகவியலாளர்கள், அமெரிக்காவின் வட கரோலினா பள்ளிகளில் யார் யாருக்கு நண்பன், யார் யாரைச் சீண்டுகிறான் என்று விசாரித்திருக்கிறார்கள். செல்வாக்கு ஏற ஏறச் சீண்டுவதும் ஏறுகிறது, உச்சியில் இருக்கும் சிலரிடம் மட்டும் குறைகிறது என்கிறது அவர்களின் 2011 கட்டுரை. மேலே ஏறுகிறவனே மற்றவர்களால் சீண்டப்படுவதும் கூடுகிறது, மேலே இருப்பவனுக்கு அது இன்னும் ஆழமாக வலிக்கிறது என்கிறது 2014இல் வந்த கட்டுரை. நாங்களோ அடிக்கிறவன் ஒரு ஜாதி, அடிபடுகிறவன் ஒரு ஜாதி என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

*

டீச்சர் எழுதியதைப் படித்ததும் என் ஹாஸ்டல் ஞாபகம் வந்தது. எங்கள் ரூமில் ஒரு தலைவன் இருந்தான். அவன் யார்மேலும் கை வைத்ததில்லை, அவனுக்கு அது தேவைப்படவும் இல்லை. அவனுக்கு அடுத்த இடம் எனக்கு. சின்னப் பையன்களின் சோப்பை ஒளித்துவைப்பது, தூங்குகிறவன் மேல் தண்ணீர் ஊற்றுவது எல்லாம் நான்தான். அவன் சிரித்தால் எனக்கு அன்று ராத்திரி தூக்கம் வரும்.

பத்தாவதில் அம்மை போட்டு மூன்று வாரம் ஊருக்குப் போய்விட்டேன். திரும்பி வந்தால் ஜன்னலோரம் இருந்த என் கட்டிலில் வேறொருவன். என் பாய், பெட்டி எல்லாம் கக்கூஸ் பக்கத்துக் கதவோரம். மறுநாள் காலையில் வாளியைக் காணோம்.