அக்கா பையனுக்கு ஒரு வருஷமா காதுல சீழ் வடியுது, மலை மேல காது டாக்டர் இல்ல, என்ன பண்றது?

வளப்பூரான்:
எல்லாருக்கும் வணக்கம். எங்க ஊரு கொல்லிமலை, வளப்பூர்நாடு பக்கம். அக்கா பையனுக்கு 8 வயசு, மூணாவது படிக்கிறான். வலது காதுல ஒரு வருஷத்துக்கு மேல சீழ் வடியுது. வலி இல்லங்கறான், காய்ச்சலும் இல்ல. சளி பிடிச்சா ஜாஸ்தியா வருது, அப்புறம் பத்து நாள் நிக்குது, ஓடையில குளிச்சிட்டு வந்தா மறுபடி ஆரம்பிச்சிடுது. அம்மா நல்லெண்ணெயில பூண்டு போட்டு காய்ச்சி ஊத்துறாங்க, பக்கத்து வீட்டு பெரியம்மா கோழி இறக விட்டு சுத்தம் பண்றாங்க. கீழ ஒரு மெடிக்கல்ல சொட்டு மருந்து ரெண்டு தடவ வாங்கி போட்டோம், கேக்கல. டாக்டர்கிட்ட போகணும்னா 70 கொண்டை ஊசி வளைவு இறங்கணும், பையன் வழியெல்லாம் வாந்தி எடுப்பான், ஒரு நாள் கூலியும் போயிடும், அதனால மச்சான் "பசங்களுக்கு காது ஒழுகுறது சகஜம், வளந்தா சரியாயிடும்"னு விட்டுட்டாரு. எனக்கு தான் மனசு கேக்கல. இப்ப டீச்சர் வேற, கூப்பிட்டா திரும்ப மாட்டேங்கறான், பாடத்துல கவனமே இல்லங்கறாங்க. வீட்லயே செய்யக்கூடியது ஏதாவது இருக்கா? எப்ப கண்டிப்பா கீழ கூட்டிட்டு போகணும்?

ஈஎன்டி பிஜி:
தம்பி, நான் ஈஎன்டி, அதாவது காது மூக்கு தொண்டை மேற்படிப்பு படிக்கற டாக்டர். முதல்ல எண்ணெயையும் இறகையும் இன்னைக்கே நிறுத்த சொல்லுங்க. ரெண்டு வாரத்துக்கு மேல வலி இல்லாம சீழ் வடிஞ்சா பெரும்பாலும் காது ஜவ்வுல ஓட்டை விழுந்திருக்குனு அர்த்தம். குழந்தைங்களுக்கு மூக்குக்கு பின்னாடி இருந்து நடுக்காதுக்கு போற குழாய் குட்டையா, படுக்கை வாட்டத்துல இருக்கும், அதனால தான் சளி பிடிச்சா காது ஒழுகுது. ஓட்டை வழியா ஓடைத்தண்ணி உள்ள போறதால குளிச்சா ஒழுகுது, நீங்க சொன்ன ரெண்டும் அப்படியே பொருந்துது.

சொட்டு மருந்து கேக்கலனு சொன்னீங்க இல்ல, அதுக்கு முக்கால்வாசி காரணம் சீழ துடைக்காம அது மேலயே மருந்த விடுறது தான். மருந்து சீழ் மேல மிதக்குமே ஒழிய ஜவ்வுக்கு போய் சேராது. இன்னொண்ணு, மெடிக்கல்ல நீங்களா கேட்டு வாங்காதீங்க. ஜென்டாமைசின், நியோமைசின் கலந்த சொட்டு நிறைய இருக்கு, ஓட்டை இருக்கற காதுல அது தொடர்ந்து போனா உள்காது நரம்பு கெட்டு கேக்கற திறனே போக வாய்ப்பிருக்கு. சிப்ரோஃப்ளாக்சசின் மாதிரி சொட்டு இந்த காதுக்கு பாதுகாப்பு, மாத்திரைய விட நல்லாவும் வேலை செய்யும். ஆரம்ப சுகாதார நிலையத்துல டாக்டர் காத பாத்துட்டு எழுதி தரட்டும்.

கிராம நர்ஸ் அக்கா:
துடைக்கற முறைய நான் சொல்றேன் தம்பி, வருஷக்கணக்கா வீடு வீடா போய் இத தான் சொல்லிட்டிருக்கேன். பட்ஸ் வேண்டாம், தீக்குச்சில பஞ்சு சுத்தறதும் வேண்டாம். துவைச்சு வெயில்ல காய வெச்ச பழைய காட்டன் வேட்டித் துணி, இல்ல தண்ணி பட்டா கிழியாத டிஷ்யூ, அத திரி மாதிரி முறுக்குங்க. காது மடல மெதுவா பின்பக்கமா மேல இழுத்துட்டு திரிய உள்ள வைங்க, குத்தாதீங்க, சும்மா வெச்சாலே சீழ உறிஞ்சிக்கும். நனைஞ்சதும் எடுத்து போட்டுட்டு புது திரி, திரி நனையாம வெளிய வர்ற வரைக்கும் மாத்திக்கிட்டே இருக்கணும். ஒரு நாளைக்கு மூணு வேளை. அதுக்கப்புறம் தான் சொட்டு, அதையும் பாட்டில கொஞ்ச நேரம் உள்ளங்கையில வெச்சு சூடாக்கிட்டு விடுங்க, ஜில்லுனு விட்டா புள்ளைக்கு தலை சுத்தும். அந்த காது மேல இருக்கற மாதிரி அஞ்சு நிமிஷம் ஒருக்களிச்சு படுக்க வைங்க. டாக்டர் ரெண்டு வாரம்னு எழுதினா ரெண்டு வாரமும் போடணும், அஞ்சாம் நாள் நின்னுடுச்சுனு விட்டீங்கன்னா திரும்ப வந்துடும். குளிக்கும்போது பஞ்சுல வேசலின் தடவி அடைங்க, மத்த நேரத்துல பஞ்சு வெச்சு அடைக்காதீங்க, ஓடையில முங்கறத இப்போதைக்கு நிறுத்துங்க. அடுப்புப் புகை பக்கத்துல புள்ளைய உக்கார வைக்காதீங்க. வீட்ல கைக்குழந்தை இருந்தா நிமோனியா தடுப்பூசிய விட்டுடாதீங்க, 2021ல இருந்து அரசு தடுப்பூசியிலயே இருக்கு, காதுல சீழ் பிடிக்க வைக்கற கிருமிக்கும் அது தான்.

கரூர்க்காரன்:
எங்க பாட்டி எங்களுக்கெல்லாம் எண்ணெய் ஊத்தி தான் வளத்தாங்க, யாருக்கும் ஒண்ணும் ஆகலயே? இப்ப எதுக்கெடுத்தாலும் பழசு தப்புங்கறாங்க.

ஈஎன்டி பிஜி:
அண்ணா, பாட்டிய தப்பு சொல்லல. காதுக்குள்ள பூச்சி போயிட்டா எண்ணெய் விட்டு அத சாகடிக்கறது சரியான கை வைத்தியம் தான், நாங்களும் அப்படி செய்வோம். ஆனா அது ஜவ்வு நல்லா இருக்கற காதுக்கு. ஒழுகுற காதுல ஜவ்வு ஓட்டை, ஊத்துறது நேரா நடுக்காதுக்கு போகுது, ஈரமும் காயாது.

பவானி ஆத்தோரம்:
வளப்பூரான் தம்பி, உங்க மச்சான் சொன்னத தான் எங்க அப்பாவும் சொன்னாரு. என் தம்பிக்கு சின்ன வயசுல இருந்து சீழ், கெட்ட நாத்தம் அடிக்கும், ஸ்கூல்ல பக்கத்துல யாரும் உக்கார மாட்டாங்க. 14 வயசுல ஒரு நாள் காதுக்குப் பின்னாடி வீங்கி காது மடலே முன்னாடி தள்ளிடுச்சு, ரெண்டு நாள்ல வாய் ஒரு பக்கம் கோணிடுச்சு. உள்ள எலும்பையே அரிச்சிருச்சுனு சொல்லி அவசரமா ஆபரேஷன் பண்ணாங்க. உயிர் பொழச்சான், அந்த காது கேக்காது. தயவு செஞ்சு வளந்தா சரியாயிடும்னு இருக்காதீங்க.

ஈஎன்டி பிஜி:
இவங்க சொன்னது தான் நாங்க பயப்படறது. தம்பி, இத அக்காகிட்ட படிச்சு காட்டுங்க: காதுக்குப் பின்னாடி வீக்கம், முகம் கோணறது, தலை சுத்தல், காய்ச்சலோட தலைவலி வாந்தி, புள்ள சோர்ந்து தூங்கிட்டே இருக்கறது, இதுல ஒண்ணு இருந்தா கூட அன்னைக்கே 108 கூப்பிடுங்க, காலைல பாத்துக்கலாம்னு இருக்காதீங்க. நாத்தமோ ரத்தமோ வந்தா அந்த வாரமே ஈஎன்டி பாக்கணும். உள்ள தோல் வளந்து எலும்ப அரிக்கற வகை அப்படி தான் ஆரம்பிக்கும், அதுக்கு சொட்டு போதாது, ஆபரேஷன் தான். ஓட்டை மட்டும் தான்னா அவசரம் இல்ல, காது காஞ்சு இருக்கும்போது, காதுக்கு மேல இருக்கற தசையோட மெல்லிசு உறைய எடுத்து ஓட்டைய ஒட்டிடலாம், அரசு மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிங்கள்ல செய்றாங்க.

மூணாவது வகுப்பு டீச்சர்:
நான் ஒரு மலைப்பள்ளியில இருக்கேன். அந்த டீச்சர்கிட்ட போய் பேசுங்க தம்பி, பையனுக்கு கவனம் இல்லாம இல்ல, காதுல விழல. முதல் பெஞ்சுல, நல்ல காது டீச்சர் பக்கம் வர்ற மாதிரி உக்கார வெக்க சொல்லுங்க, அவனுக்கு வலது காதுங்கறதால இடது காது எங்க பக்கம் இருக்கணும். முகத்த பாத்து பேசினாலே பாதி புரிஞ்சிக்குவான். ஸ்கூலுக்கு வர்ற குழந்தைகள் நல மருத்துவக் குழு காதும் பாப்பாங்க, மாவட்ட ஆஸ்பத்திரிக்கு எழுதியும் குடுப்பாங்க. எப்ப வருவாங்கனு ஹெட்மாஸ்டர் கிட்ட கேட்டு வைங்க. என் கிளாஸ்ல ஒரு பொண்ண மூணு மாசமா மக்குனு நெனச்சிட்டு இருந்தேன், அந்த குழு வந்து பாத்த அப்புறம் தான் ரெண்டு காதும் ஓட்டைனு தெரிஞ்சுது, இப்பவும் அத நெனச்சா நெஞ்சு அடைக்குது.

வளப்பூரான்:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. பதினெட்டு நாள் கழிச்சு எழுதறேன். சுகாதார நிலையத்துல லைட் வெச்சு பாத்துட்டு ஓட்டை தான்னு சொல்லி சொட்டு எழுதி குடுத்தாங்க. அக்கா மூணு வேளையும் திரி வெச்சாங்க, முதல் நாள் ஒரு வேளைக்கு ஒம்போது திரி ஆச்சு, எட்டாம் நாள் ஒண்ணே ஒண்ணு, அதுவும் காஞ்சே வந்துச்சு. இப்ப வடியல. பவானி அக்கா எழுதினத மச்சான்கிட்ட படிச்சு காட்டினேன், ஒண்ணும் பேசல, ராத்திரி அவரே வந்து வர்ற செவ்வாய் லீவு போட்டு நாமக்கல் கூட்டிட்டு போறேன்னாரு. பையன் வாந்தி எடுக்காம இருக்க காலைல என்ன குடுக்கலாம்?

கிராம நர்ஸ் அக்கா:
வெறும் வயித்தோட ஏத்தாதீங்க, ரெண்டு இட்லி போதும், பால் வேண்டாம். முன் சீட்டு, ஜன்னல் திறந்து வைங்க, ரோட்ட நேரா பாக்க சொல்லுங்க. சொட்டு மருந்து பாட்டிலையும் டாக்டர் எழுதின சீட்டையும் மறக்காம எடுத்துட்டு போங்க.