மிச்சிகன் சிறையில் இருப்பவரின் விடுதலைத் தேதியை அதிகாரபூர்வமாக அறிவது எப்படி?

இளவழுதி (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். என் தங்கையின் முன்னாள் கணவர் அவளைக் கழுத்தை நெரித்துத் தாக்கிய வழக்கில் மிச்சிகன் மாநில நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டனை பெற்றார். முதலில் கவுண்டி (மாவட்டம் போன்ற உள்ளூர் நிர்வாகப் பிரிவு) சிறையில் இருந்த அவரைப் பிறகு மாநிலச் சிறைக்கு மாற்றிவிட்டதாகச் சொன்னார்கள். அதற்குப் பின் எங்களுக்கு எந்தத் தகவலும் வரவில்லை. தங்கை இப்போது குழந்தைகளுடன் வேறு ஊரில் இருக்கிறாள். அவர் எப்போது வெளியே வருவார் என்று தெரியாததால் வாசல் மணி ஒலித்தாலே நடுங்குகிறாள்.

இணையத்தில் தேடினால் தனியார் தளங்களே வரிசையாக வந்து நிற்கின்றன. ஒரு தளம் அவர் இன்னும் கவுண்டி சிறையில் இருப்பதாகக் காட்டுகிறது. இன்னொன்று அவர் விடுதலையாகிவிட்டார் என்று சொல்லி, முழு விவரம் வேண்டுமானால் பணம் கட்டச் சொல்கிறது. அரசே நடத்தும் ஒரே பதிவேடு ஏதேனும் உண்டா? நாங்கள் தேடுவது அவருக்குத் தெரியவருமா? விடுதலைக்குப் பிறகும் விவரம் கிடைக்குமா? அவரைப் பழிவாங்கும் எண்ணம் எங்களுக்கு இல்லை. தங்கை நிம்மதியாகத் தூங்க வேண்டும், அவ்வளவுதான்.

வெண்ணிலா:

சகோதரருக்கு வணக்கம். குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்கு உதவும் ஓர் அமைப்பில் பணியாற்றுகிறேன். உங்கள் தங்கையின் நிலையில் இருக்கும் பெண்களோடு அன்றாடம் பேசுவதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

அமெரிக்கா முழுமைக்குமான ஒரே பொதுப் பதிவேடு கிடையாது. ஆளை இப்போது யார் காவலில் வைத்திருக்கிறார்களோ அவர்களிடம்தான் அவரைப் பற்றிய நம்பகமான பதிவு இருக்கும். விசாரணைக்குக் காத்திருப்பவர்களையும் ஓராண்டுக்கு மேற்படாத தண்டனை பெற்றவர்களையும் ஷெரிஃபின் பொறுப்பில் உள்ள கவுண்டி சிறை வைத்திருக்கிறது. அதற்கு மேற்பட்ட தண்டனை என்றால் மாநிலத்தின் சிறைத்துறை பொறுப்பேற்கும். கூட்டாட்சிச் சட்டத்தின் கீழ் தண்டிக்கப்பட்டவர்களுக்குக் கூட்டாட்சிச் சிறைத்துறையின் தேடல் பக்கம் தனியாக இருக்கிறது. 1982 முதல் அங்கு இருந்தவர்களின் பெயர்களை அதில் பார்க்கலாம். உங்கள் வழக்கு மாநில நீதிமன்றத்தில் நடந்ததால் அங்கே தேடிப் பயனில்லை.

நீங்கள் பார்க்க வேண்டியது மிச்சிகன் சிறைத்துறையின் 'ஓடிஸ்' என்ற தேடல் பக்கம். அதற்குக் கட்டணம் இல்லை. சிறையில் இருப்பவர்கள், பரோலில், அதாவது தண்டனைக்காலம் முடியும் முன் நிபந்தனைகளோடு விடுவிக்கப்பட்டு, வெளியே இருப்பவர்கள், சிறைக்குப் பதிலாக ப்ரொபேஷனில் கண்காணிக்கப்படுபவர்கள் என எல்லோரும் அதில் இருப்பார்கள். முழுமையாக விடுவிக்கப்பட்டவரின் விவரமும் விடுதலையான நாளிலிருந்து மூன்றாண்டுகள் வரை இருக்கும், பிறகு நீக்கப்பட்டுவிடும். புகைப்படம், சிறைத்துறை கொடுத்த எண், எந்தச் சிறை, எந்தச் சட்டப் பிரிவு, எந்தக் கவுண்டியில் தண்டனை, எவ்வளவு காலம் என்பவை எல்லாம் ஒரே பக்கத்தில் வரும். நீங்கள் தேடினீர்கள் என்ற செய்தி அவருக்குப் போகாது. கவுண்டி சிறையில் மட்டும் இருப்பவர்கள் ஓடிஸில் வரமாட்டார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஆனால் தினமும் ஒரு பக்கத்தைத் திறந்து பார்த்துக்கொண்டே இருப்பது எந்தப் பெண்ணுக்கும் நல்லதல்ல. அதற்காகத்தான் 'வைன்' என்ற அறிவிப்புச் சேவை இருக்கிறது. 1993ஆம் ஆண்டு டிசம்பரில் கென்டக்கியின் லூயிவில் நகரில் ஓர் இளம்பெண், தன்னைத் தாக்கியதற்காகச் சிறையிலிருந்த முன்னாள் காதலன் பிணையில் வெளிவந்ததை அறியாமல், தன் 21ஆம் பிறந்தநாளன்று அவனால் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்தத் துயரத்துக்குப் பிறகு 1994இல் அங்கே தொடங்கிய சேவை இன்று பெரும்பாலான மாநிலங்களில் இருக்கிறது, மிச்சிகனிலும் உண்டு. தங்கை தன் தொலைபேசி எண்ணைக் கொடுத்து நான்கு இலக்க ரகசிய எண் ஒன்றை வைத்துக்கொண்டால், அவர் இடம் மாற்றப்பட்டாலோ விடுவிக்கப்பட்டாலோ அழைப்பு வரும். அழைப்பை எடுத்து அந்த எண்ணை அழுத்தாவிட்டால் குறிப்பிட்ட நேரம் வரை மீண்டும் மீண்டும் அழைக்கும். பதிவு செய்தவர் யார் என்பது கைதிக்குத் தெரிவிக்கப்படாது.

இதோடு நிறுத்திவிட வேண்டாம். மிச்சிகனில் 1985ஆம் ஆண்டின் குற்றத்தால் பாதிக்கப்பட்டோர் உரிமைச் சட்டம் இருக்கிறது. அதன்படி தங்கை எழுத்து மூலம் கேட்டுக்கொண்டால் பரோல் பரிசீலனை, விடுதலை போன்றவற்றைச் சிறைத்துறையே அவளுக்குத் தெரிவிக்க வேண்டும். பலர் தண்டனை அறிவித்த நாளிலேயே இது தானாக நடந்துவிடும் என்று நம்பியிருக்கிறார்கள். கேட்டால்தான் கிடைக்கும் உரிமை இது. வீடு மாறும்போதெல்லாம் புதிய முகவரியையும் தெரிவிக்க வேண்டும்.

குமரவேள்:

வெண்ணிலா அம்மா சொன்னவற்றோடு ஒன்றைச் சேர்க்கிறேன். நம் பெயர்களை இங்குள்ள பதிவேடுகளில் தேடுவது எளிதல்ல. தந்தை பெயர் கடைசிப் பெயராகியிருக்கலாம். சொந்தப் பெயரே கடைசிப் பெயராகிவிட்டு, முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'முதல் பெயர் தெரியவில்லை' என்பதைக் குறிக்கும் எஃப்.என்.யூ என்ற மூன்று எழுத்துகள் அமர்ந்திருக்கலாம். கடவுச்சீட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருந்தவர்களுக்கு விசாவிலேயே இப்படி அச்சாகி, அதுவே எல்லா அலுவலகங்களுக்கும் தொடர்கிறது. எனவே இரு வரிசையிலும் தேடுங்கள். நெடிலுக்கு ஓர் எழுத்தா இரண்டா, ழகரத்துக்கு எந்த எழுத்து என்பதையெல்லாம் மாற்றிப் பாருங்கள். தங்கையிடம் வழக்கு ஆவணம் இருந்தால் அதில் நீதிமன்றம் எழுதிய வடிவமே முதலில் தேட வேண்டிய வடிவம்.

பெயர் பொருந்திய உடனே அவர்தான் என்று முடிவு செய்யாதீர்கள். பிறந்த ஆண்டு, புகைப்படம், தண்டனை வழங்கிய கவுண்டி ஆகிய மூன்றும் ஒத்துப்போக வேண்டும்.

செங்கதிர்:

நான் எதிர்த்தரப்பில், அதாவது குற்றம் சாட்டப்பட்டவர்களுக்காக வாதாடும் ஒரு வழக்கறிஞரிடம் உதவியாளராக இருக்கிறேன். உங்கள் தங்கைக்கு நேர்ந்தது மனத்தை வருத்துகிறது. அவர் தகவல் பெறுவதை முழுமனதோடு ஆதரிக்கிறேன். ஆனால் அந்தத் தனியார் தளங்களைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும்.

அவை கைது நடந்த நாளில் கவுண்டியின் பதிவிலிருந்து பெயரையும் படத்தையும் எடுத்துக்கொள்கின்றன. வழக்கு தள்ளுபடியானாலும், ஆள் இடம் மாறினாலும், பலவும் அதைத் திருத்துவதில்லை. உங்களுக்கு இரண்டு தளங்கள் இரண்டு விதமாகச் சொன்னதற்குக் காரணம் அதுவாகவே இருக்கும். படத்தை நீக்கவே பணம் கேட்ட தளங்களும் இருந்தன. ஜார்ஜியா, கலிஃபோர்னியா உட்படப் பல மாநிலங்கள் அதைத் தடைசெய்து சட்டம் இயற்ற வேண்டியிருந்தது. அத்தகைய தளங்களின் அடியில், சிறிய எழுத்தில், இந்தத் தகவலை வேலைக்கோ வீட்டு வாடகைக்கோ ஆளைத் தேர்ந்தெடுக்கப் பயன்படுத்தக் கூடாது என்று எழுதியிருப்பதைப் படித்துப் பாருங்கள். அந்தத் தேவைகளுக்குத் தகவல் விற்பவர்களை 1970ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டம் ஒன்று கட்டுப்படுத்துகிறது. அதன் கட்டுக்குள் வராமல் இருக்கவே அந்த வரி.

ஒரே பதிவேடு உண்டா என்று கேட்டீர்கள். காவல்துறைக்கு அப்படி ஒன்று இருக்கிறது, பொதுமக்களுக்குத் திறந்துவிடவில்லை. 1989இல் இது உச்ச நீதிமன்றம் வரை போனது. தனித்தனி நீதிமன்றங்களில் பொது ஆவணங்களாகச் சிதறிக் கிடப்பவையே என்றாலும், ஒருவரின் குற்ற வரலாற்றை எஃப்.பி.ஐ ஒரே தொகுப்பாகத் திரட்டி வைத்திருக்கும்போது அதைப் பிறருக்குக் கொடுப்பது அவருடைய அந்தரங்கத்தில் தலையிடுவதாகும் என்று தீர்ப்பானது. என் கருத்தில் அது சரியான தீர்ப்பு. தண்டனையை முடித்து வந்து வேலை தேடும் மனிதர்களை நான் நேரில் பார்க்கிறேன். எனவே ஓடிஸ் பக்கத்தைப் படம்பிடித்து உறவினர் குழுக்களில் பகிர வேண்டாம். தங்கையின் பாதுகாப்புக்கு அதனால் எதுவும் கூடாது. அவள் இருக்கும் ஊர் வெளியே தெரியவரும் ஆபத்துதான் கூடும்.

இளவழுதி:

மூவருக்கும் நெஞ்சார்ந்த நன்றி. தந்தை பெயரைக் கடைசிப் பெயராக வைத்துத் தேடியபோது ஓடிஸில் கிடைத்துவிட்டார். படமும் பிறந்த ஆண்டும் பொருந்துகின்றன, இன்னும் மாநிலச் சிறையில்தான் இருக்கிறார். தங்கையே வைனில் பதிவு செய்துகொண்டாள். ஆனால் அந்தப் பக்கத்தில் மிக முந்தைய விடுதலைத் தேதி என்று ஒன்றும், பல ஆண்டுகள் தள்ளி அதிகபட்ச விடுவிப்புத் தேதி என்று ஒன்றும் இருக்கின்றன. எதை நம்புவது? இன்னொன்று, அவர் குடியுரிமை பெற்றவர் அல்லர். கிரீன் கார்டில் இருப்பவர். இதனால் ஏதேனும் மாறுமா?

வெண்ணிலா:

இரண்டுமே உண்மையான தேதிகள். மிச்சிகனில் சிறைத்தண்டனை பெரும்பாலும் குறைந்தபட்சம், அதிகபட்சம் என்று ஒரு வீச்சாகவே விதிக்கப்படும். இப்போது நடைமுறையில் உள்ள சட்டப்படி நன்னடத்தைக்காகக் குறைந்தபட்சத்தில் ஒரு நாளும் கழிக்கப்படுவதில்லை. ஆகவே முந்தைய தேதிக்கு முன் அவருக்குப் பரோல் கிடைக்காது என்று தங்கையிடம் உறுதியாகச் சொல்லலாம். அந்தத் தேதியில் அவர் வெளியே வந்தே தீருவார் என்றும் பொருளில்லை. பரோல் வாரியம் மறுத்தால் அதிகபட்சத் தேதி வரையில்கூட உள்ளே இருக்க நேரலாம்.

வாரியம் முடிவெடுப்பதற்கு முன் தங்கை தன் கருத்தை எழுதி அனுப்பலாம். நடந்ததைத் திரும்ப விவரிக்க வேண்டியதில்லை. தனக்கும் குழந்தைகளுக்கும் அருகில் அவர் வரக்கூடாது, தொடர்புகொள்ளக் கூடாது என்பன போன்ற நிபந்தனைகளைத் தெளிவாகக் கேட்டால் போதும். பரோல் கிடைத்த பின் அந்த நிபந்தனைகளும் ஓடிஸ் பக்கத்திலேயே தெரியும். நீதிமன்றத்தின் பாதுகாப்பு ஆணை இதிலிருந்து வேறானது. மிச்சிகனில் அது குறைந்தது 182 நாட்களுக்கு வழங்கப்படும். எப்போது காலாவதியாகிறது என்று இன்றே எடுத்துப் பாருங்கள். அவர் சிறையில் இருக்கிறாரே என்று அதை நீட்டிக்காமல் விட்டுவிடுபவர்கள் அதிகம். வெளியே வரும் நாளில் ஆணை உயிரோடு இருக்க வேண்டும்.

குமரவேள்:

கிரீன் கார்டு பற்றிய கேள்விக்கு. குடும்ப வன்முறைக் குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டவரை, நிரந்தரக் குடியிருப்பாளராக இருந்தாலும், நாடு கடத்த 1996ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் இடமளிக்கிறது. அதனால் சிறையிலிருந்து வெளியே வரும் வேளையில் அவரைக் குடியேற்றத் துறை தன் காவலில் எடுத்துக்கொள்ளக் கூடும். அப்படி நடந்தால் ஓடிஸில் பரோல் என்றோ விடுவிப்பு என்றோ மட்டும் காட்டும். அவர் ஊருக்குள் வந்துவிட்டார் என்று தங்கை அஞ்சிக்கொண்டிருக்க நேரலாம். அதேபோல, நாடு கடத்தத்தான் போகிறார்கள் என்று நம்பி முன்னெச்சரிக்கைகளைத் தளர்த்திவிடவும் கூடாது. குடியேற்ற நீதிபதி பிணையில் விடும் வழக்குகளும் உண்டு.

குடியேற்றத் துறைக் காவலில் இருப்பவர்களைத் தேட அத்துறையின் இணையப் பக்கம் ஒன்று தனியாக இருக்கிறது. பெயரையும் பிறந்த நாட்டையும் கொடுத்துத் தேடலாம். ஆனால் பெயர் எழுத்துக்கு எழுத்து பொருந்தினால்தான் காட்டும், நம் பெயர்களுக்கு இது பெரிய தடை. 'ஏ' என்ற எழுத்தில் தொடங்கும் குடியேற்ற எண் இருந்தால், அதையும் பிறந்த நாட்டையும் கொடுத்தே தேடிவிடலாம். அவர்கள் இருவரும் சேர்ந்து விண்ணப்பித்த பழைய குடியேற்றக் கடிதங்கள் தங்கையிடம் இருந்தால், அவற்றில் அவருடைய எண் இருக்கிறதா என்று பார்த்து இப்போதே குறித்து வைக்கச் சொல்லுங்கள்.