தலையில 2 மில்லி ஆம்பியர் ஏத்தினா ஸ்ட்ரைக்கர் நேரா போகுமா?

தண்டையார்பேட்டை லைன்மேன் | இரவு 9.10
ராயபுரம் தம்பி ஒருத்தர் நேத்து கேரம் பகுதியில போட்ட பதிவைப் பார்த்து வயிறு எரிஞ்சுதான் இந்த இழையைத் திறக்குறேன். 9 வோல்ட் பேட்டரி, உப்புத்தண்ணியில நனைச்ச ஸ்பாஞ்சு ரெண்டு, தலையைச் சுத்தி ரப்பர் பட்டை. ஆட்டத்துக்கு முன்னாடி 20 நிமிஷம் 2 மில்லி ஆம்பியர் விட்டா "மூளை 10 ஹெர்ட்ஸ் (விநாடிக்குப் பத்து அலை) ரிதத்துக்கு வந்துடும், கை நடுங்காது, காயின் வரிசையா விழும்"னு எழுதி வச்சிருக்காரு. கீழ சின்னப் பசங்க எவ்ளோ விலைன்னு கேக்குறானுங்க. காலம் பூரா கம்பம் ஏறினவன் கேக்குறேன், அந்தக் கரண்டு மண்டைக்குள்ள போகுதா? 2018-ல புஸாக்கின்னு ஒரு மூளை விஞ்ஞானியோட குழு பிணத்தோட தலைக்குள்ள கம்பி வச்சு அளந்துது. சுமார் 75 சதவீதம் தோல்லயும் எலும்புலயும் காலி. எழுபத்தஞ்சு!

ஸ்ட்ரைக்கர் ராயபுரம் | 9.22
"தம்பி ஒருத்தர்" இன்னா, பேரைச் சொல்லியே திட்டலாமே அண்ணே. நான் எதையும் விக்கல. போட்டுப் பார்த்தேன், கை நிக்குது, சொன்னேன். 2000-லயே ஜெர்மனியில நிட்ஷே, பவுலஸ்னு ரெண்டு மூளை ஆராய்ச்சிக்காரங்க வெறும் 1 மில்லி ஆம்பியர்ல கை அசைவுக்கான மூளைப் பகுதியோட உசுப்பை ஏத்தியும் காட்டினாங்க, இறக்கியும் காட்டினாங்க. அவங்க கம்பம் ஏறல, அது உண்மைதான்.

தண்டையார்பேட்டை லைன்மேன் | 9.24
75 சதவீதம். அதுக்குப் பதில் சொல்லு.

பிசியாலஜி ரெண்டாம் வருஷம் | 9.41
முதல்ல ரெண்டு பேரும் ஒண்ணு சொல்லுங்க. பேசுறது டிசியா, ஏசியா? பேட்டரியில இருந்து நேரா வர்றது டிசி, ஒரே திசையில சீரா ஓடுற கரண்டு. அதுக்கு ஹெர்ட்ஸே கிடையாது. மூளையோட தாளத்தைப் பிடிச்சு இழுக்கணும்னா அந்த வேகத்துல ஏறி இறங்குற ஏசி வேணும். அது தனி முறை. நிட்ஷே செஞ்சது டிசி.

கொருக்குப்பேட்டை கிங் | 9.44
ஷாக் ட்ரீட்மெண்டைத்தானே சொல்றீங்க? கீழ்ப்பாக்கம் கேஸுங்களா 😂

பிசியாலஜி ரெண்டாம் வருஷம் | 9.47
இல்ல. அதுல சுமார் 800 மில்லி ஆம்பியர், மயக்க மருந்து குடுத்து, வலிப்பை வர வச்சுச் செய்யறது. இது 1, 2. அப்புறம் "கீழ்ப்பாக்கம் கேஸ்"னு சொல்றதை நிறுத்துங்க. அங்க போய் குணமாகி வந்தவங்க இதே பகுதியில இருக்காங்க.

கொருக்குப்பேட்டை கிங் | 9.48
ஜோக்குக்கும் பர்மிஷன் வாங்கணுமா?

தண்டையார்பேட்டை லைன்மேன் | 9.55
ஏசியோ டிசியோ, கரண்டு சுலபமான வழியிலதான் போவும். ஈரத் தோல் சுலபம், எலும்பு கஷ்டம். ஸ்பாஞ்சுல இருந்து ஸ்பாஞ்சுக்கு நெத்தித் தோல் வழியாவே ஓடிடும். வீட்ல ஷாக் அடிக்காம காப்பாத்துற ஈஎல்சிபி சுவிட்ச் கட் ஆகறதே 30 மில்லி ஆம்பியர் கசிஞ்சாதான். இவரு 2-ஐ வச்சுக்கினு சாம்பியன் ஆவப் போறாராம்.

பிசியாலஜி ரெண்டாம் வருஷம் | 10.08
சார், 75 போனா மிச்சம் 25 எங்க போகுது? உள்ளதானே? வலிப்பு நோய்க்காக மூளைக்குள்ள ஏற்கெனவே மின்முனை வச்சிருந்தவங்ககிட்ட அளந்து 2017-ல வெளியிட்டாங்க. 2 மில்லி ஆம்பியருக்கு அதிகபட்சம் மீட்டருக்கு 0.8 வோல்ட். தூங்குற நியூரானை, அதாவது மூளை நரம்பு செல்லை, எழுப்பிச் சுட வைக்க (சிக்னல் அனுப்ப வைக்க) இது பத்தாது. ஆனா சுடுற நிலையில இருக்குற நியூரானோட நேரத்தைக் கொஞ்சம் தள்ளலாம். 2019-ல கனடாவுல மெக்கில் யுனிவர்சிட்டியில குரங்குகளுக்கு ஏசி குடுத்துப் பார்த்தாங்க. சுடுற எண்ணிக்கை கூடல, நேரம் அலையோட சேர்ந்துச்சு. கானாக் கச்சேரியில கை தட்டுற ஆளு அதே ஆளுதான், தட்டு மட்டும் ஒண்ணா விழுது.

தண்டையார்பேட்டை லைன்மேன் | 10.10
நீயே சொல்லிட்ட பாப்பா, 1 வோல்ட் கூட வரலன்னு. நன்றி.

பிசியாலஜி ரெண்டாம் வருஷம் | 10.11
மீட்டருக்கு 0.8. அது மின்புலம், ஒரு மீட்டர் தூரத்துக்கு எவ்ளோ வோல்ட் மாறுதுங்கற கணக்கு, வெறும் வோல்ட் இல்ல. கம்பம் ஏறினவருக்கு இதைச் சொல்ல வேண்டியிருக்கு. பாப்பா பட்டமும் வேணாம்.

ஸ்ட்ரைக்கர் ராயபுரம் | 10.15
அப்டிப் போடு! 2006-ல தூங்குறவங்க தலையில 0.75 ஹெர்ட்ஸ் குடுத்து ஞாபக சக்தியே ஏத்திக் காட்டினாங்க, நேச்சர்ங்கற அறிவியல் பத்திரிகையில வந்துது. ஞாபகம் ஏறும்போது கை நிக்காதா?

பிசியாலஜி ரெண்டாம் வருஷம் | 10.17
நான் உங்க கட்சி இல்ல. அதைத் திரும்பச் செஞ்சு பார்த்த சிலருக்கு அந்தப் பலன் வரல. உங்க பேட்டரியில 0.75-ம் வராது, 10-ம் வராது.

தண்டையார்பேட்டை லைன்மேன் | 10.29
இன்னொண்ணும் கேட்டுக்க. 2019-ல பெல்ஜியம் லூவன்ல தோலை மரத்துப்போக வச்சு ஏசி குடுத்தாங்க. கை நடுக்கம் கரண்டுக்கு ஏத்தமாதிரி ஆடறது குறைஞ்சு போச்சு. வேலை பார்த்ததுல பெரும் பங்கு தோல் நரம்பு. தோல்! எங்க 75 போகுதுன்னு சொன்னேன்? தோல்ல!

பிசியாலஜி ரெண்டாம் வருஷம் | 10.33
அந்தக் குரங்கு ஆய்வுல தோல் நரம்பையும் தனியா சோதிச்சுப் பார்த்துட்டாங்க. ஒரு ஆய்வுக் கட்டுரையைத் தூக்கி இன்னொண்ணு மேல வச்சா முடிஞ்சுதா?

வியாசர்பாடி கோச் | 10.40
கண்ணால கண்டதைச் சொல்றேன். நம்ம கிளப் பையன் ஒருத்தன் இதைப் பார்த்துட்டு வீட்லயே செஞ்சு கட்டிக்கினு வந்தான். ஸ்பாஞ்சு ஒரு ஓரம் காஞ்சு போய், அந்த இடத்துல மட்டும் ஒரு ரூபா அளவுக்கு நெத்தி செவந்து கீது, நடுவுல சின்னதா கொப்புளம். போர்டுல பவுடர் போடும்போது வேர்வை பட்டு எரியுதுன்னு துடைச்சுக்கினே இருந்தான். முதல் ஷாட்டே ஃபவுல்.

ஸ்ட்ரைக்கர் ராயபுரம் | 10.43
உங்க கிளப்புல பட்டை இல்லாமலே ஃபவுல்தானே கோச்? போன வருஷம் ஃபைனல்ல ஸ்ட்ரைக்கர் கோட்டைத் தொடாம அடிச்சதை அம்பயர் விட்டாரே, அவரு யாரோட மச்சான்?

வியாசர்பாடி கோச் | 10.44
ஒரு வருஷமா இதைத்தான் சொல்லிக்கினு கீற. தோத்தவன் தோத்தவன்தான்.

பிசியாலஜி ரெண்டாம் வருஷம் | 10.50
ராயபுரம் அண்ணா, கை நின்னது பட்டையாலன்னு எப்படித் தெரியும்? ஆய்வுல ஒரு பாதிப் பேருக்கு 30 விநாடி கரண்டு குடுத்து நிறுத்திடுவாங்க. முதல்ல ஊறுற ஊறல் மட்டும் இருக்கும், நிஜமா போலியான்னு அவங்களுக்கே பிடிபடாது. நீங்க அப்படிச் செஞ்சீங்களா?

ஸ்ட்ரைக்கர் ராயபுரம் | 10.52
என் கை எனக்குத் தெரியும்.

தண்டையார்பேட்டை லைன்மேன் | 10.53
75.

கொருக்குப்பேட்டை கிங் | 10.54
அண்ணாத்த, கிளப் டியூப் லைட்டுக்கு வயர் மாத்தித் தரேன்னு வாங்கின காசு இன்னா ஆச்சு? அதுல எத்தினி சதவீதம் தோல்ல போச்சு?

தண்டையார்பேட்டை லைன்மேன் | 10.56
யார்கிட்ட பேசறன்னு தெரிஞ்சு பேசு. பில்லு எங்கிட்ட கீது. அந்த லைட்டு எரியறதே என் தயவுலதான்.

கொருக்குப்பேட்டை கிங் | 10.57
எரியுதா? எப்போ?

வியாசர்பாடி கோச் | 11.05
ஞாயித்துக்கிழமை டபுள்ஸுக்கு ஆள் குறையுது. ராயபுரம் வர்றியா இல்லியா, சொல்லு.

தண்டையார்பேட்டை லைன்மேன் | 11.06
அவன் பட்டையோட வந்தா நான் ஆடமாட்டேன். ரூல் புக்குல போடுங்க.

ஸ்ட்ரைக்கர் ராயபுரம் | 11.07
உள்ளயே போகாத கரண்டுக்கு ரூல் எதுக்கு அண்ணே?