9க்கு 10 அறையில் நாலு தையல் மெஷின்: எதைக் கொடுக்கலாம்?

நூல்கண்டு:
வாடகை வீடு. தையலுக்கு இருப்பது 9க்கு 10 அடி அறை ஒன்றுதான். அதில் நாலு மெஷின்: காலால் மிதிக்கும் பழைய கறுப்பு மெஷின், கிளட்ச் மோட்டார் போட்ட பவர் மெஷின், துணி ஓரம் பிரியாமல் கட்டும் 3 நூல் ஓவர்லாக், பிக்கோவுக்கு (சேலை ஓரத்தை நெருக்கமாக வளைத்து அடிக்கும் தையல்) ஜிக்ஜாக். வாரத்துக்கு எட்டுப் பத்து லைனிங் பிளவுஸ், இடையிடையே சுடிதார், எப்போதாவது சேலைக்கு ஃபால்ஸ், பிக்கோ. துணி வெட்ட இடமே இல்லை, தரையில்தான் விரிக்கிறேன். ஜிக்ஜாக்கிலேயே நேர்தையல் வருகிறதே, பவர் மெஷினைக் கொடுத்துவிடலாமா? இல்லை, கறுப்பு மெஷினையா? விற்பதற்கு முன் என்னென்ன பார்க்க வேண்டும்?

ரவிக்கைக்கடை:
தோழி, பவரை மட்டும் கொடுத்துடாதீங்க. ஜிக்ஜாக்கில் அகலத்தை 0ல வெச்சா நேர்தையல் வரும், உண்மைதான். ஆனா அதோட ஊசி பிளேட்டைக் கழட்டிப் பாருங்க. ஊசி இடமும் வலமும் போய்வரணுமே, அதனால துளை பக்கவாட்டில அகலமா இருக்கும். ஜார்ஜெட், ஷிஃபான், மெல்லிய லைனிங் எல்லாம் தையல் தொடங்கும்போதே அந்தத் துளைக்குள்ள இழுபட்டுச் சிக்கிக்கும். கழுத்து வளைவில பைப்பிங் வைக்கிறப்போ தையல் லேசா அலையும். சுடிதார் பாட்டத்துக்கு இது பரவாயில்லை, பட்டு பிளவுஸுக்கு ஆகாது. ஒற்றைத் துளை பிளேட் வாங்கி மாட்டினா சரியாகும், ஆனா அப்புறம் பிக்கோ அடிக்கணும்னா ஒவ்வொரு தடவையும் மாத்தணும். மறந்துபோய் ஜிக்ஜாக்ல ஓட்டினா ஊசி பிளேட்ல மோதி உடையும்.

நீங்க எழுதினதுல "எப்போதாவது"ன்னு வர்றது ஃபால்ஸும் பிக்கோவும்தான். ஜிக்ஜாக் தேவைப்படுறது பிக்கோவுக்கு மட்டும். மாசம் பத்துச் சேலைக்குக் கீழேன்னா வெளியில கொடுத்து அடிச்சு வாங்கிக்கலாம். என்னைக் கேட்டா போக வேண்டியது ஜிக்ஜாக். ஓவர்லாக் கட்டாயம் இருக்கணும். ஓரத்துல நூல் பிரியுற துணிக்கு அதுதான் நல்ல வழி.

சேலம் மெக்கானிக்:
முதலில் டேபிளை அளங்க. பவர், ஜிக்ஜாக் டேபிள் பொதுவாக 4 அடி நீளம், ஒன்றே முக்கால் அடி அகலம். அதாவது 7 சதுர அடி. உட்கார்ந்து எழ முன்னால் இரண்டரை அடி விட்டால் ஒரு மெஷினுக்கு 17 சதுர அடி. ஓவர்லாக்கும் பெரும்பாலும் இதே அளவு டேபிளில்தான் வரும். அப்படி மூன்று இருந்தால் 51, உங்கள் அறையே 90தான்.

பவரையும் ஓவர்லாக்கையும் மூலையில் 'ட' போலச் சேர்த்துப் போட்டு, நடுவில் சுழலும் ஸ்டூல் ஒன்று வையுங்கள். இரண்டுக்கும் ஒரே உட்காரும் இடம், ஏறத்தாழ 10 சதுர அடி மிச்சம். பவர் டேபிளின் இடது பக்கம் 8 அங்குலம் அறுத்துவிடலாம், பிளவுஸுக்குப் போதும். திரைச்சீலை, பெட்ஷீட் தைப்பவர் அறுக்கக் கூடாது, துணியின் பாரம் கீழே இழுத்து தையல் கோணும். அறுப்பதற்கு முன் கால் ஸ்டாண்டின் திருகுகள் எங்கே இருக்கின்றன என்று கீழே குனிந்து பார்த்துவிடுங்கள்.

கிளட்ச் மோட்டாரை சர்வோ மோட்டாருக்கு மாற்றினால் இடம் மிச்சமாகாது. ஆனால் கிளட்ச் மிதிக்காதபோதும் ஓடிக்கொண்டே இருக்கும், சர்வோ மிதித்தால்தான் ஓடும். மாடி வீடென்றால் கீழ்வீட்டுக்காரர்களுக்காகவாவது மாற்றுங்கள்.

கறுப்பு மெஷினில் இடத்தைப் பிடிப்பது இரும்பு ஸ்டாண்ட். தலை பத்துப் பன்னிரண்டு கிலோதான். வாரைக் கழற்றி, பின்பக்கம் இரண்டு கீல் திருகுகளைத் தளர்த்தினால் தலை தனியாக வந்துவிடும். சக்கரத்துப் பக்கத் தூணில் கைப்பிடி பொருத்தும் துளை இருந்தால் மரப் பெட்டி அடி வைத்து கைமெஷினாக்கி அலமாரியில் வைக்கலாம். கரண்ட் போனாலும் ஓடும், பை ஜிப் மாதிரித் தடித்த இடத்தில் ஒவ்வொரு குத்தாகச் சுற்றித் தைக்கலாம். ஆனால் விற்பதென்று முடிவு செய்தால் பிரிக்காதீர்கள். ஸ்டாண்டை மட்டும் கேட்டு வருபவர் அதில் கண்ணாடி போட்டு மேஜை ஆக்குவார், மிஞ்சும் தலை காயலான் கடையில் எடைக்குத்தான் போகும்.

விற்கும் முன் பார்க்க வேண்டியவை. சக்கரத்தைப் பிடித்து மேலும் கீழும் அசையுங்கள். ஆட்டம் இருந்தால் மெயின் ஷாஃப்ட் புஷ் (சக்கரத்தின் தண்டு சுழலும் உள்வளையம்) தேய்ந்திருக்கிறது, விலை இறங்கும். ஊசிக்கம்பியைப் பிடித்து பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள், அதிலும் ஆட்டம் கூடாது. தையல் விட்டு விட்டு விழுந்தால் புது ஊசி போட்டு, பிறகு ஹூக் (கீழே சுழன்று மேல்நூலைப் பிடிக்கும் கொக்கி) முனையில் நகத்தை ஓட்டிப் பாருங்கள், நகம் மாட்டினால் முனை அடிபட்டிருக்கிறது. ஊசி அடிமட்டம் போய்ச் சுமார் 2 மி.மீ. மேலே வரும்போது ஹூக் முனை ஊசியின் குழிவுக்கு நேராக வர வேண்டும். தப்பினால் டைமிங். அது வெறும் செட்டிங், பயந்து அடிமாட்டு விலைக்குக் கொடுக்காதீர்கள்.

வெகுநாள் சும்மா நின்ற மெஷின் இறுகியிருக்கும், தேங்காய் எண்ணெய் விட்டதென்றால் இன்னும் மோசம், பிசினாகிவிடும். கறுப்பு மெஷினின் துளைகளில் கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டு, நூலில்லாமல் ஓட்டித் துடைத்து, பிறகு மெஷின் ஆயில்.

பட்டன்ஹோல்:
ஜிக்ஜாக்கைக் கொடுப்பதென்றால் யாருக்கு என்பதையும் யோசிக்கலாம். தமிழக அரசின் சத்தியவாணி முத்து அம்மையார் நினைவுத் திட்டத்தில் இலவசத் தையல் மெஷின் பெற்றவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அவர்களிடம் நேர்தையல் மெஷின் இருக்கும், இல்லாதது பிக்கோவும் ஓவர்லாக்கும்தான். பக்கத்து மகளிர் குழுவில் விசாரியுங்கள், பழைய சாமான் கடை கொடுப்பதைவிட நல்ல விலை வரும். தவணையில் கேட்டால் மட்டும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

எது போனாலும் பால்கனியில் "இப்போதைக்கு" வைக்காதீர்கள். சாரல் பட்டால் டேபிள் பிளைவுட் ஓரம் உப்பும், ஊசிக்கம்பி துருப்பிடிக்கும். மூன்று மாதம் கழித்து அதை யாரும் வாங்க மாட்டார்கள்.

நூல்கண்டு:
ஜிக்ஜாக் போகிறது, கறுப்பு மெஷின் கைமெஷினாகிறது. தூணில் துளை இருக்கிறது, பார்த்துவிட்டேன். இன்னொரு சந்தேகம்: பவரை மூலைக்கு நகர்த்த எண்ணெயை வடிக்க வேண்டுமா?

சேலம் மெக்கானிக்:
அறைக்குள் தூக்காமல் தள்ளினால் வேண்டாம். தலையைச் சாய்க்கவோ கழற்றவோ போகிறீர்களென்றால் அடியில் உள்ள எண்ணெய்த் தட்டில் இருப்பதை முதலில் வடித்துவிடுங்கள். தலை 25 கிலோவுக்கு மேல், இரண்டு பேர் அடித்தட்டைப் பிடித்துத் தூக்க வேண்டும், சக்கரத்தைப் பிடித்துத் தூக்கக் கூடாது. திரும்ப வைத்ததும் வெள்ளை எண்ணெயை, தட்டில் குறித்திருக்கும் இரண்டு கோட்டுக்கும் நடுவில் நிற்கும்படி ஊற்றுங்கள். மோட்டாரை மாற்றினால் முதல் ஓட்டத்தில் சக்கரம் உங்கள் பக்கம் சுற்றுகிறதா என்று பாருங்கள். எதிர்த்திசையில் ஓடினால் பம்ப் எண்ணெய் ஏற்றாது, தலை பிடித்துக்கொள்ளும். ஓவர்லாக்கில் திசை வேறாக இருக்கலாம், அதன் சக்கரத்துப் பக்கம் உள்ள அம்புக்குறிதான் கணக்கு.