கை நின்றால் சத்தமும் நிற்க வேண்டும்

குழு: நம் வீட்டு வாத்தியக்காரர்கள்

அருண்: எல்லோருக்கும் வணக்கம். கிட்டார் ஆம்ப் (ஒலிபெருக்கி) மாற்றலாம் என்று இருக்கிறேன், யோசனை வேண்டும். பேண்டில் நான் சோலோ இல்லை, ரிதம் கிட்டார் மட்டும்தான் வாசிக்கிறேன். இப்போது இருக்கிற சின்ன வால்வு (கண்ணாடிக் குழாய்) ஆம்பில் மெதுவாக வாசித்தால் கேட்க இனிமையாக இருக்கிறது. ஆனால் தடித்த கம்பியில் வேகமாக பாம் மியூட் செய்தால், அதாவது உள்ளங்கையால் கம்பியை அடக்கி வாசித்தால், ஒரு அடி அடுத்த அடியோடு ஒட்டிக்கொள்கிறது. டிரம்ஸ் சேர்ந்துவிட்டால் நான் என்ன வாசிக்கிறேன் என்றே தெரிவதில்லை.

அருண்: டைட்டாக (கை நின்றதும் நிற்கிற மாதிரி), ட்ரையாக (எதிரொலி, வீக்கம் இல்லாமல்), பிக் பட்டதும் உடனே பேசுகிற ஆம்ப் வேண்டும். எதைப் பார்க்கலாம்?

தீபன் அண்ணா: வாக்ஸ் ஏசி30 பார். ஒரு கார்டு அடித்துப் பார்த்தால் விடமாட்டாய்.

ரவி மாமா: அது அருமையான ஆம்ப் தீபன், மறுக்கவே மாட்டேன். ஆனால் இவன் கேட்பதற்கு நேர் எதிர்ப்பக்கம் நிற்கிற ஆம்ப். அருண், வேலை முடிந்ததும் விரிவாக எழுதுகிறேன். அதற்குள் கெயின் (கரகரப்பை ஏற்றும் குமிழ்) எவ்வளவு, பாஸ் (கீழ் ஒலி) எவ்வளவு, ஆம்ப் எங்கே இருக்கிறது என்று சொல்.

அருண்: கெயின் 8, பாஸ் 7 மாமா. அறை மூலையில், தரையில் வைத்திருக்கிறேன்.

நித்யா அக்கா: முதலில் அதை மூலையிலிருந்து வெளியே எடு. இரண்டு சுவரும் தரையும் சேருகிற இடத்தில் வைத்தால் கீழ் அலைவரிசைகள் தூக்கலாகக் கேட்கும், எந்த ஆம்பாக இருந்தாலும். ஒரு நாற்காலி மேலே ஏற்றி, சுவரிலிருந்து தள்ளி வைத்துக் கேட்டுப் பார். ரிவெர்ப் என்கிற எதிரொலிக் குமிழ் இருந்தால் பூஜ்யத்துக்குக் கொண்டு வா.

அருண்: சரி அக்கா, சாயங்காலம் செய்கிறேன்.

ரவி மாமா: இப்போது உட்கார்ந்துவிட்டேன். கவனமாகப் படி, பெயர்களைவிட இதுதான் முக்கியம்.

ரவி மாமா: தடித்த ஈ கம்பி திறந்த நிலையில் 82 ஹெர்ட்ஸில் ஒலிக்கிறது. 12 அங்குல கிட்டார் ஸ்பீக்கர்கள் பலவற்றின் இயல்பு அதிர்வெண்ணும் 75க்கும் 100க்கும் நடுவில்தான் இருக்கிறது. ஆக, ஸ்பீக்கர் தானாகவே ஆட விரும்புகிற இடத்தில்தான் உன் ரிஃப் (திரும்பத் திரும்ப வாசிக்கிற துணுக்கு) போய் விழுகிறது. ஆம்ப் அதைப் பிடித்து நிறுத்தவில்லை என்றால், நீ உள்ளங்கையால் கம்பியை அடக்கிய பிறகும் ஸ்பீக்கரின் கோன் (அசைகிற கூம்பு) கொஞ்சம் ஆடிவிட்டுத்தான் ஓயும். ஒன்றோடு ஒன்று ஒட்டுகிறது என்று சொன்னாயே, அதில் ஒரு பங்கு இதுதான்.

ரவி மாமா: பிடித்து நிறுத்துகிற வேலையைச் செய்வது நெகட்டிவ் ஃபீட்பேக். ஸ்பீக்கருக்குப் போகும் சிக்னலில் கொஞ்சம் எடுத்து, எதிர்த் திசையில் பவர் பகுதியின் தொடக்கத்துக்கே திருப்பி அனுப்புவார்கள். அது எவ்வளவு அதிகமோ அவ்வளவு ஸ்பீக்கர் கட்டுக்குள் இருக்கும். ஏசி30இல் இந்தச் சுற்றே கிடையாது. தீபனுக்குப் பிடித்த அந்தத் துள்ளல் அங்கிருந்துதான் வருகிறது.

தீபன் அண்ணா: அது எனக்குத் தெரியாது மாமா. சரி, மேலே சொல்லுங்கள்.

ரவி மாமா: அடுத்தது பவர் சப்ளை. பலமாக ஒரு கார்டு அடித்ததும் பவர் வால்வுகள் ஒரேயடியாகக் கரண்ட் இழுக்கும். ரெக்டிஃபையர் என்பது ஏசி மின்சாரத்தை டிசியாக மாற்றுகிற பகுதி; அது ஜிஇசட்34 மாதிரி வால்வாக இருந்தால் அந்தக் கணத்தில் மின்னழுத்தம் சற்றுத் தாழ்ந்து பிறகு மேலே வரும். அடியின் முனை மழுங்கி, அதன் பின்னால் ஒலி வீங்கி வரும். இதை சாக் என்பார்கள். நீட்டி இழுக்கிற சோலோவுக்கு அது பெரிய வரம், வேக ரிதமுக்கு இடைஞ்சல். சிலிக்கான் டயோடு ரெக்டிஃபையரில் இந்தத் தாழ்வு மிகக் குறைவு. கூடவே ட்ரான்ஸ்ஃபார்மர் பெரிதாகவும் மின்சாரத்தைச் சேமித்து வைக்கிற ஃபில்டர் கெபாசிட்டர்கள் தாராளமாகவும் இருந்தால் ஆம்ப் அசையாது.

அருண்: இது காதுக்குத் தெரியுமா மாமா, இல்லை காகிதத்தில் மட்டுமா?

ரவி மாமா: தெரியும், விரலுக்கு இன்னும் நன்றாகத் தெரியும். மேசா டூயல் ரெக்டிஃபையர் என்கிற ஆம்பில் வால்வு, டயோடு இரண்டும் உண்டு, ஒரு சுவிட்சில் மாற்றலாம். சத்தத்தை ஏற்றி வைத்து ஒரே ரிஃப்பை இரண்டிலும் வாசித்துப் பார்.

ரவி மாமா: ஹைவாட் டிஆர்103 கிடைத்தால் கட்டாயம் வாசி. 100 வாட், நான்கு இஎல்34 பவர் வால்வு, டயோடு ரெக்டிஃபையர், பழையவற்றில் பார்ட்ரிட்ஜ் ட்ரான்ஸ்ஃபார்மர்கள். தி ஹூ பேண்டின் பீட் டவுன்ஷெண்ட் கையில் அந்த ஆம்ப் கார்டுகளை எப்படி வெட்டி வைக்கிறது என்று கவனி. இன்னும் கரகரப்பு வேண்டுமென்றால் மார்ஷல் ஜேசிஎம்800 2203, 1981இல் வந்தது. அதுவும் டயோடுதான். ஆனால் அதே மார்ஷலின் பழைய ஜேடிஎம்45இல் வால்வு ரெக்டிஃபையர் இருக்கிறது, தொட்டால் மெத்தென்று இருக்கும். அதனால் கம்பெனி பெயரை வைத்து முடிவெடுக்காதே, மாடலைப் பார்.

தீபன் அண்ணா: ஃபெண்டர் எப்படி?

ரவி மாமா: அங்கேயும் அதே கதைதான். டீலக்ஸ் ரிவெர்ப் 22 வாட், வால்வு ரெக்டிஃபையர். ட்வின் ரிவெர்ப் 85 வாட், டயோடு. சுத்தமான ஃபங்க் ரிதம் என்றால் நான் ட்வினைத்தான் எடுப்பேன்.

பெரியம்மா: எல்லாம் படித்துக்கொண்டுதான் இருக்கிறேன். 100 வாட், 85 வாட் என்கிறீர்களே, அருண் வீட்டில் குறைந்த சத்தத்தில்தானே பழக முடியும்? அப்போது இந்த டைட் கிடைக்குமா?

ரவி மாமா: நல்ல கேள்வி அக்கா. குறைந்த சத்தத்தில் எந்த ஆம்புக்கும் மூச்சு வாங்காது, அதனால் சாக் பிரச்சினை அவ்வளவாக வராது. சிக்கல் நம் காதில் இருக்கிறது. சத்தம் குறையக் குறையக் காதுக்கு பாஸ் குறைவாகக் கேட்கும். உடனே பாஸ் குமிழைத் திருப்பி விடுவோம். அதே அமைப்போடு மேடைக்குப் போய் சத்தத்தை ஏற்றினால் ஒலி சேறாகிவிடும். வீட்டு அமைப்பு வேறு, மேடை அமைப்பு வேறு என்று வைத்துக்கொள்ள வேண்டும்.

அருண்: பாஸ் 7க்கு எப்படிப் போனேன் என்று இப்போது புரிகிறது.

நித்யா அக்கா: ட்ரான்சிஸ்டர் ஆம்பை ஏன் யாரும் சொல்லவில்லை? ட்ரை என்று வந்துவிட்டால் நான் முதலில் அங்கேதான் போவேன். பெரும்பாலானவற்றில் வெளியீட்டு ட்ரான்ஸ்ஃபார்மர் கிடையாது, ஸ்பீக்கரின் மேல் பிடி இறுக்கமாக இருக்கும், சாக் கிட்டத்தட்ட இல்லை. ரோலண்ட் ஜேசி-120 1975இல் வந்தது, இரண்டு 12 அங்குல ஸ்பீக்கர், இன்றைக்கும் சுத்தமான ஒலிக்கு அதைத் தேடுகிறார்கள். அதன் கோரஸ் எஃபெக்டை அணைத்துவிட்டு வாசி, பிக் கம்பியில் படுகிற சத்தம் வரை கேட்கும்.

தீபன் அண்ணா: ட்ரான்சிஸ்டரில் உயிர் இருக்காது அக்கா.

நித்யா அக்கா: ப்ளூஸ் கலைஞர் பி.பி. கிங் லேப் சீரிஸ் எல்5 ஆம்பில் வாசித்தார் தீபன், அது முழுக்க ட்ரான்சிஸ்டர். டாக்டர் ஃபீல்குட் பேண்டின் வில்கோ ஜான்சனின் அந்த வெட்டு வெட்டான ரிதம் ஹெச்ஹெச் ஐசி100இல் வந்தது. பாண்டெரா பேண்டின் டைம்பேக் டேரல் தன் கனமான ஒலியை ராண்டால் ட்ரான்சிஸ்டர் ஆம்பில்தான் எடுத்தார். உனக்குப் பிடிக்காமல் போகலாம், அது வேறு. உயிர் இல்லை என்று மட்டும் சொல்லாதே.

தீபன் அண்ணா: பி.பி. கிங்கா! சரி, இன்றைக்கே தேடிக் கேட்கிறேன்.

அருண்: மாமா, கிட்டாருக்கும் ஆம்புக்கும் நடுவில் ட்யூப் ஸ்க்ரீமர் பெடல் போட்டால் டைட் ஆகும் என்கிறார்களே, கெயின் ஏற்றுகிற பெடல் எப்படி டைட் ஆக்கும்?

ரவி மாமா: பாஸை எங்கே குறைக்கிறாய் என்பதுதான் எல்லாம். டிஸ்டார்ஷனுக்குள் (கரகரப்பை உண்டாக்கும் பகுதிக்குள்) பாஸ் அதிகமாகப் போனால் அது மற்ற அலைகளையும் சேர்த்துக் கசக்கிவிடும். பிறகு என்ன திருப்பினாலும் தெளிவு திரும்பாது. அந்தப் பெடல் ஏறத்தாழ 720 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருப்பதை அதிகம் தூக்குவதில்லை, மிட்டை (நடு அலைவரிசைகளை) முன்னே தள்ளுகிறது. பெடலில் டிரைவை (கரகரப்பை) பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வை, லெவலை (சத்தத்தை) ஏற்று, ஆம்பின் கெயினைக் குறை.

ரவி மாமா: மேசா மார்க் வரிசை ஆம்புகளில் இதே தத்துவம் உள்ளேயே கட்டப்பட்டிருக்கிறது. டோன் குமிழ்கள் டிஸ்டார்ஷனுக்கு முன்னால் இருக்கின்றன, அதனால் கனமான ரிதமுக்கு பாஸை 1, 2 என்று வைப்பார்கள். ஐந்து பட்டை ஈக்யூ (அலைவரிசைகளைத் தனித்தனியாக ஏற்றி இறக்குவது) பின்னால் இருக்கிறது. இழந்த கனத்தை அதன் 80 ஹெர்ட்ஸ் பட்டையில் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். முன்னால் வெட்டி பின்னால் சேர்ப்பது. அந்த இறுக்கமும் கனமும் ஒன்றாகக் கேட்கும்போது எனக்கு இன்றைக்கும் சிலிர்க்கும்.

நித்யா அக்கா: கெயினைப் பற்றி என் பக்கத்திலிருந்தும் ஒன்று. ரெக்கார்டிங்கில் கனமாகக் கேட்கிற ரிதம் கிட்டார்களைத் தனியாகப் போட்டுக் கேட்டால் பல நேரம் கெயின் குறைவாகவே இருக்கும். கெயின் ஏற ஏற ஒலி அமுங்கும், மெல்ல அடித்ததும் ஓங்கி அடித்ததும் ஒன்றுபோல ஆகிவிடும். நீ கேட்கிற அந்த உடனடிப் பேச்சு போய்விடும்.

அருண்: வந்துவிட்டேன். ஆம்பை நாற்காலியில் ஏற்றி, கெயின் 5, பாஸ் 3, தம்பியின் பெடலை முன்னால் போட்டு வாசித்தேன். அடிகள் தனித்தனியாகப் பிரிகின்றன! மிட்டை ஏற்றினால் இன்னும் நன்றாக இருக்கிறது. ஆனால் சத்தம் ஏற்றினால் கீழே கொஞ்சம் கொழகொழப்பு மிச்சம் இருக்கிறது.

ரவி மாமா: அந்த மிச்சத்துக்குத்தான் புது ஆம்ப். அது எவ்வளவு என்று இப்போது உனக்கே தெரிந்துவிட்டது. உன்னுடையது பின்பக்கம் திறந்த கேபினெட்தானே, அதாவது ஸ்பீக்கர் பெட்டி? மூடிய கேபினெட்டில் உள்ளே அடைபட்ட காற்றே கோனைக் கட்டுப்படுத்தும். ஸ்பீக்கரையும் பார். 25 வாட் க்ரீன்பேக் ஸ்பீக்கர் சீக்கிரம் கரகரக்கும், அதன் அழகு அது. செலஸ்டியன் ‘விண்டேஜ் 30’ ஸ்பீக்கர் 60 வாட் தாங்கும், மிட் முன்னால் நிற்கும். ஈவிஎம்12எல் 200 வாட் தாங்கும், நீ கொடுத்ததை அப்படியே திருப்பிக் கொடுக்கும்.

அருண்: அப்படியென்றால் மாமா, ஒரு ஜேசிஎம்800 ஹெட் (ஸ்பீக்கர் இல்லாத ஆம்ப்), இரண்டு 12 அங்குல ஸ்பீக்கர் உள்ள மூடிய 2x12 கேபினெட். இன்னொரு பக்கம் ஜேசி-120. இரண்டையும் வாசித்துப் பார்க்கப் போகிறேன். எதைக் கவனிக்க வேண்டும்?

ரவி மாமா: உன் கிட்டாரையே எடுத்துப் போ. எல்லாக் குமிழும் நடுவில், பாஸ் மட்டும் குறைவாக. நீ பேண்டில் வாசிக்கிற சத்தத்துக்கு ஏற்று. தடித்த கம்பியில் நான்கு அடி அடித்துச் சட்டென்று அடக்கு. கை நின்றதும் சத்தமும் நிற்கிறதா என்று கேள். பிறகு கிட்டாரின் வால்யூமைப் பாதிக்குக் குறைத்து ஒரு கார்டு அடி. ஒலி சுத்தமானால் அந்த ஆம்ப் உன் கையைக் கேட்கிறது. சோலோ எதுவும் வாசிக்காதே, சோலோவில் எல்லா ஆம்பும் நன்றாகத்தான் இருக்கும்.

நித்யா அக்கா: ஒரு ரிஃப்பை போனில் பதிவு செய்து இங்கே போடு. இரண்டு ஆம்புக்கும் ஒரே ரிஃப், ஒரே தூரம்.

அருண்: கட்டாயம் அக்கா.

ரவி மாமா: ஹெட்டும் கேபினெட்டும் தனித்தனியாக எடுத்தால் ஓம் (மின்தடை அளவு) பார்க்காமல் இணைக்காதே. கேபினெட் 8 ஓம் என்றால் ஹெட்டின் பின்னால் இருக்கிற சுவிட்சும் 8இல் இருக்க வேண்டும். ஸ்பீக்கர் கேபிளை மட்டும் பயன்படுத்து, கிட்டார் கேபிள் வேண்டாம். ஸ்பீக்கர் இணைக்காமல் வால்வு ஆம்பை ஓட்டினால் வெளியீட்டு ட்ரான்ஸ்ஃபார்மர் எரிந்துபோகலாம்.

அருண்: குறித்துக்கொண்டேன் மாமா. சனிக்கிழமை போகிறேன். தீபன் அண்ணா, நீங்களும் வருகிறீர்களா?

தீபன் அண்ணா: வருகிறேன். ஜேசி-120யை முதலில் நான்தான் வாசிப்பேன்.