ஆயரின் இலச்சினையா, பொறியா?

மன்னாரிலிருந்து:
மறைக்கல்வி வகுப்புக்கான தாள் சனிக்கிழமை அச்சுக்குப் போகவேணும். பாடம், கத்தோலிக்க ஆயரின் (பிஷப்பின்) பதவி அடையாளமான கேடயப் படத்தைப் படிப்பது. மேலே பச்சைத் தொப்பி, பக்கத்துக்கு 6 குஞ்சம், கேடயத்துக்குப் பின்னே ஒற்றைக் குறுக்குச் சிலுவை, கீழே நாடாவில் ஒரு வாக்கு. இதற்கு மொத்தமாக என்ன பெயர் வைக்கலாம்? 'சின்னம்' என்றால் பிள்ளைகளுக்குத் தேர்தல்தான் ஞாபகம் வரும்.

வவுனியாவிலிருந்து:
பொறி. புறநானூற்றிலேயே 'ஏம விற்பொறி' இருக்கிறது, சேரன் இமயத்தில் பொறித்த வில் அடையாளம். தயவுசெய்து இலச்சினை வேண்டாம், அது வடமொழி லாஞ்சனத்தின் திரிபு.

கிளிநொச்சியிலிருந்து:
சேர், எங்கட பக்கம் பொறி என்றால் எலிக்கு வைப்பது. 'ஆயர் பொறி' என்று தலைப்புப் போட்டால் வகுப்பு முழுக்கச் சிரிப்புத்தான். விருது என்று வைத்தால் என்ன? நாடாவில் உள்ளதை விருதுவாக்கு என்றுதானே சொல்கிறோம்.

வவுனியாவிலிருந்து:
விருது இப்போது மேடையில் கொடுக்கும் பரிசு. அதுவும் 'பிருதம்' வடமொழியா, தமிழிலிருந்து அங்கே போனதா என்று தனியாக ஒரு மடல் எழுதலாம். எழுதுகிறேன்.

முல்லைத்தீவிலிருந்து:
எழுதாதீர்கள் ஐயா, சனிக்கிழமை வந்துவிடும். நம்மிடம் 'குறி' இருக்கிறதே. மாட்டில் சுட்ட குறியைப் பார்த்தே பட்டிக்காரர் யாருடையது என்று சொல்லிவிடுவார்.

மன்னாரிலிருந்து:
ஆயருக்குக் குறி சுடவேண்டாம், அண்ணா. எனக்குப் பெயரைவிட வலம் இடம்தான் பெரிய தலையிடி. கேடயத்தை ஏந்துகிறவரின் வலமே வலம், பார்க்கிற பிள்ளைக்கு அது இடப்பக்கம். 'ஏந்துவலம்', 'ஏந்திடம்' என்று போடவா?

கிளிநொச்சியிலிருந்து:
ஏந்துவலம் அருமை. குஞ்சத்தையும் விளக்குங்கள், அதை எண்ணினால் பதவி தெரிந்துவிடும்: பேராயருக்குப் பக்கத்துக்கு 10, கர்தினாலுக்குச் சிவப்பில் 15. அப்புறம், பழைய படத்தைப் பார்த்து, ஆயர் வழிபாட்டில் அணியும் தலைமுடியும் ஏந்தும் செங்கோலும் வரையவிடாதீர்கள். ஆயர்களின் கேடயத்தில் அவை வேண்டாம் என்று வத்திக்கான் 1969 இல் சொல்லிவிட்டது.

முல்லைத்தீவிலிருந்து:
தலைமுடியா? கூந்தல் என்று நினைக்கப்போகிறார்கள்! மணிமுடி என்றாவது எழுதுங்கள்.

மன்னாரிலிருந்து:
சரி, மணிமுடி. தலைப்பு இலச்சினைதான். 'அரச இலச்சினை' பிள்ளைகளுக்குத் தெரிந்த சொல், மூன்று பேருக்கும் சம்மதம்.

வவுனியாவிலிருந்து:
எனக்குச் சம்மதமில்லை. அடைப்புக்குறிக்குள் பொறி என்றாவது போடுங்கள். இடமில்லை என்று வெட்டினால் என் வகுப்பில் வாயால் சொல்லிக்கொள்வேன்.